ஊரைத் தாண்டாத தக்காளி

பாலக்கோடு தக்காளி மண்டியில் வைத்து ஒரு பெண் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். காலை எட்டு மணி இருக்கும். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர் கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

“இது கேரளா லோடுங்ணா! இந்தப் பழத்தப் போயி அடியில இருந்து ரொப்பி வச்சிருக்கீங்களே, அங்க எறக்கறப்ப பெட்டியில தக்காளியா இருக்கும்? சாறுதான் இருக்கும். வெவரம் தெரியலன்னா ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? வாயில என்ன கொழுக்கட்டையா?”

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவன், அதில் பாதிக்கு மேல் மேடை மேடையாக ஏறித் தன்னம்பிக்கை பேசியவன், எதிரில் இருப்பவர் ஒரு வார்த்தை சொன்னால் ஒன்பது வார்த்தை திருப்பிச் சொல்லிப் பழகியவன், அன்று தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவில் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றேன்.

சட்டைப் பையில் ஒரு குட்டி நோட்டு இருந்தது. எடுத்து ‘மன்னிக்கவும்’ என்று எழுதிக் காட்டலாம் என்று பார்த்தால், விரலெல்லாம் தக்காளிக் காம்பின் கறை. பச்சையும் கறுப்புமாகப் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. பேனா வழுக்கிப் பெட்டிக்குள் விழுந்துவிட்டது.

“பேனா வேற போடறாரு பாரு!” என்றார் அந்தப் பெண். எல்லோரும் சிரித்தார்கள்.

வாய் மூடிய கதை

போன வாரம் என்னுடைய மைக் பைத்தியத்தைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார்: “ஊருக்கெல்லாம் தன்னம்பிக்கை கொடுத்தீர்களே, உங்களுக்கு யார் கொடுத்தார்கள்?” தர்மசங்கடமான கேள்வி. ஒரு வாரமாக அதைத்தான் மென்றுகொண்டிருக்கிறேன். பதில் இந்தத் தக்காளி மண்டியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதனால்தான் அங்கே ஆரம்பித்தேன்.

ரொம்ப வருடம் ஆகிவிடவில்லை. நான் ஓய்வு பெற்ற பிறகு நடந்தது. ஒரு பள்ளி ஆண்டு விழாவில் பேசிக்கொண்டிருக்கும்போது குரல் திடீரென்று இரண்டாகப் பிளந்து, அப்புறம் காற்று மட்டும் வந்தது. தர்மபுரியில் காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவர் குழாயை விட்டுப் பார்த்தார். குரல் நாண்களில் கத்திக் கத்தியே ஒரு முடிச்சு வளர்ந்திருக்கிறது என்றார். சின்ன ஆபரேஷன்தான். செய்து முடித்துவிட்டு, படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்.

“பதினாலு நாளைக்கு ஒரு சத்தமும் வரக்கூடாதுங்க சார். கிசுகிசுன்னு ரகசியம் பேசறது அதைவிட மோசம், அதுவும் கூடாது. பதினஞ்சாம் நாள் காலைல மெதுவாப் பேச ஆரம்பிங்க. சாயங்காலம் வந்து காட்டுங்க.”

நான் நோட்டில் எழுதினேன்: ‘பழைய குரல் வருமா?’

டாக்டர் நல்ல மனிதர். பொய் சொல்லவில்லை. “குரல் வரும். ஆனா மைதானத்துல பேசறதெல்லாம் இனிமே வேணாம்” என்றார்.

மைக் நின்றுபோனாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. ஏரியூரிலிருந்து மாரண்டஹள்ளி வரைக்கும் ஆண்டு விழா நோட்டீசில் என் பெயருக்கு முன்னால் ஒரு பட்டமும் போடுவார்கள். அது என்ன பட்டம் என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. பேச முடியாத நான் யார் என்று அன்று எனக்குத் தெரியவில்லை. பயந்துவிட்டேன். அடுத்தவர்களுக்கு ‘பயத்தை வெல்ல ஐந்து வழிகள்’ சொன்னவனுக்கு அந்த ஐந்தில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

வீட்டில் என் மனைவி சரோஜா மட்டும் சந்தோஷமாக இருந்தாள்.

“இப்பத்தாங்க வூடு வூடு மாதிரி இருக்குது. குக்கர் விசில் காதுல வுழுது” என்றாள்.

அவளுக்கு நான் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுப்பேன். முதல் வரியைப் படித்துவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். “சுருக்கமா எழுதுங்க. ‘காபி’ன்னு எழுதுனாப் போதும். ‘உடலும் உள்ளமும் சோர்வுறும் இந்தப் பொழுதில்’னு எல்லாம் எழுத வேணாம்.” இருபது வருட மேடை எனக்குச் சொல்லித்தராத சுருக்கத்தை அந்த நோட்டு நாலே நாளில் சொல்லித்தந்தது.

ஐந்தாம் நாள் அவளுக்கே பொறுக்கவில்லை. தன் தம்பிக்குப் போன் போட்டாள். “மாதையா, உங்க மாமாவ எங்கியாச்சும் கூட்டிக்கிட்டுப் போடா. மூஞ்சிய மூணு மொழத்துக்குத் தூக்கி வச்சிக்கிட்டு உக்காந்திருக்காரு.”

மாதையன் விவசாயி. அந்தப் பருவத்தில் ஒன்றரை ஏக்கரில் தக்காளி போட்டிருந்தான். மறுநாள் விடிந்ததும் அவனுடைய தக்காளியோடு சேர்த்து என்னையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு மண்டிக்குப் போனான்.

பஸ் டிக்கெட்டும் பரிசலும்

மண்டிக்குள் போவதற்கு முன்னால் ஒரு வாக்கியத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் மேடை வாழ்க்கையிலேயே அதிகம் கைதட்டல் வாங்கிய வாக்கியம் அது.

ஒரு வருடம் தக்காளி விலை படுத்துவிட்டது. மாரண்டஹள்ளி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தேன். ரோட்டோரம் குவியல் குவியலாகத் தக்காளியைக் கொட்டியிருந்தார்கள். புளித்த வாடை பஸ்ஸுக்குள் வந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கோ உடம்பெல்லாம் புல்லரித்தது. சட்டென்று டிக்கெட்டின் பின்பக்கம் எழுதினேன்: ‘ஊரைத் தாண்டாத தக்காளி ஊரிலேயே அழுகும்!’

விளைந்ததைக் கொட்டிவிட்டுப் போன விவசாயியின் வயிற்றெரிச்சல் எனக்கு அப்போது தோன்றவே இல்லை. எதைப் பார்த்தாலும் அதிலிருந்து ஒரு தத்துவத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிற வியாதி எனக்கு. எறும்பு, கடிகாரம், சைக்கிள் பெடல் எதையும் விட்டுவைத்ததில்லை.

பாலக்கோட்டுப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில்தான் அந்த வாக்கியத்தை முதலில் அவிழ்த்துவிட்டேன். “பிள்ளைகளே! உங்கள் ஊர்த் தக்காளி கேரளா போகிறது, சென்னை போகிறது. நீங்கள் எங்கே போகப்போகிறீர்கள்? ஊரைத் தாண்டாத தக்காளி...” என்று நிறுத்தினேன். “ஊரிலேயே அழுகும்!” என்று மைதானமே திருப்பிச் சொன்னது. பெஞ்சு மேல் ஏறிக் கைதட்டாத குறைதான்.

அப்புறம் விடுவேனா? ஊருக்கு ஊர் மாற்றி மாற்றிப் போட்டேன். ஏரியூரில் தக்காளிக்குப் பதில் நிலக்கடலை வந்தது. ஒகேனக்கல்லில் பரிசல். “ஒரே இடத்தில் சுற்றும் பரிசல் ஒருநாளும் கரை சேராது!” என்று அங்கே முழங்கினேன்.

கூட்டம் முடிந்ததும் ஒரு பரிசல்காரர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். “சார், நல்லாப் பேசுனீங்க. ஆனா, ஒரே எடத்துல சுத்தி வுடுங்கன்னுதான் சார் டூரிஸ்ட்டுங்க எங்கள தொல்ல பண்றாங்க. புள்ளைங்களுக்கு அதுதான் குஷி.”

நான் அவர் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுக் கார் ஏறிவிட்டேன். அவர் சொன்னதைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. அன்றே வாங்கியிருந்தால் இந்த அத்தியாயம் இல்லை.

எந்த ஊருக்கு?

இப்போது மண்டிக்கு வருவோம்.

மாதையன் என்னை ஒரு தக்காளிக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, காலிப் பிளாஸ்டிக் பெட்டிகளைக் காட்டினான். “மாமா, சும்மா உக்காந்திருக்காம இதுல நல்லதாப் பாத்து ரொப்பிக்கிட்டிருங்க. இது கேரளா வண்டிக்கு. நான் எடை போடற எடத்துல ஒரு சேதி கேட்டுட்டு வந்தர்றேன்.”

நல்லதாகப் பார்த்து என்றானா? பார்த்தேன். பரிசு மேடைக்குப் பிள்ளைகளைப் பொறுக்குவது போலப் பொறுக்கினேன். நல்ல சிவப்பு, நல்ல பளபளப்பு, கையில் எடுத்தால் மெத்தென்று இருக்க வேண்டும். பச்சை கலந்தது, வெளிறியது எல்லாவற்றையும் ஒதுக்கித் தள்ளினேன். தூர தேசம் போகிறது, நம் ஊர் மானத்தைக் காப்பாற்ற வேண்டாமா? மூன்று பெட்டி நிரப்பிவிட்டு நிமிர்ந்தபோதுதான் அந்தப் பெண் வந்து கத்த ஆரம்பித்தார்.

அவர் பெயர் ருக்கு. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். தரம் பிரிக்கிற பெண்களுக்கு அவர்தான் தலைமை. அவர்கள் வீட்டில் தெலுங்கு, மண்டியில் தமிழ், ராயக்கோட்டை தாண்டி வரும் வியாபாரிகளிடம் கன்னடம் என்று மூன்று மொழியிலும் சண்டை போடத் தெரிந்தவர். அன்று எனக்குத் தமிழில் கிடைத்தது.

மாதையன் ஓடி வந்தான். “ருக்குக்கா, ருக்குக்கா, வுடுங்க. எங்க அக்கா வூட்டுக்காரரு. தொண்டையில ஆப்பரேசன், பேசக் கூடாது. வாத்தியாரா இருந்தவரு. மேடையில எல்லாம் பேசுவாருல்ல, அவருதான்.”

ருக்கு என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டுவதை நிறுத்திவிட்டார். முகத்தில் என்னவோ மாறியது. பழைய ரசிகை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

என்னுடைய மூன்று பெட்டியையும் கொட்டி அவர்கள் திரும்பப் பிரித்தார்கள். நான் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். வாய் மூடியிருந்தால் கண்ணுக்கு வேலை கூடிவிடுகிறது. அவர்கள் தக்காளியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கிறார்கள். ‘எந்த ஊருக்கு?’ கேரளாவுக்கு என்றால் பச்சை முழுதாக மாறாத செங்காய். சேலத்துக்கு என்றால் பாதி சிவந்தது. நன்றாகப் பழுத்தது இங்கேயே, தர்மபுரி, காரிமங்கலம் என்று பக்கத்து ஊர்களுக்கு. ஒதுக்கித் தள்ளப்பட்டவை என்று நான் நினைத்ததுதான் வெகுதூரம் போகிறது. நான் முதல் பரிசு கொடுத்ததெல்லாம் பக்கத்துத் தெருவுக்கு.

டீ வந்தது. ருக்கு தன் டம்ளரோடு வந்து எனக்கு எதிரே ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஊரத் தாண்டாத தக்காளின்னு பேசுனது நீங்கதானுங்களே சார்?”

நான் பெருமையாகத் தலையாட்டினேன். கையெழுத்துக் கேட்பாரோ என்றுகூடத் தோன்றியது.

“அது தப்புங்க சார்” என்றார்.

டீயை ஒரு மடக்குக் குடித்தார். அவசரமே இல்லை.

“தூரமாப் போறது எது? பழுக்காதது. அது பாவம், லாரியிலயே குலுங்கிக் குலுங்கிப் பழுத்துக்க வேண்டியது. பழுத்தத நாங்க தூரமா அனுப்ப மாட்டோம். இன்னிக்கி சாயங்காலமே யாரு வூட்டு ரசத்துலயாச்சும் அது இருக்கும். ஊரத் தாண்டலன்னா அது அழுகிப்போச்சுன்னு யாரு உங்களுக்குச் சொன்னாங்க? ரோட்டுல கொட்டுனது தக்காளி மேல தப்பு இல்லீங்க சார். வெல இல்ல, கொட்டுனாங்க.”

நான் நோட்டை எடுத்தேன். நான் சொன்னது உருவகம் என்றும், முயற்சியின் முக்கியத்துவம் என்றும், மேடையின் தேவை என்றும் வேகவேகமாக ஒரு பக்கம் எழுதி நீட்டினேன். ருக்கு அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“கண்ணாடி வூட்டுல இருக்குது சார். அதுவுமில்லாம, பதில் சொல்ல வேண்டியது எனக்கு இல்ல. எம் பொண்ணுக்கு.”

பொண்ணு பெயர் நந்தினி. நான் அந்தப் பள்ளியில் பேசியபோது பன்னிரண்டாம் வகுப்பு. கடைசி வரிசையில் உட்கார்ந்து, மைதானமே திருப்பிச் சொன்னதில் அவளும் சேர்ந்து சொன்னவள். பிறகு லேப் டெக்னீஷியன் படிப்புப் படித்து, பாலக்கோட்டிலேயே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள். கைராசிக்காரி. ஊசியைப் பார்த்து வீரிடும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள், “நந்தினி இருக்குதா?” என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவார்களாம்.

“கூடப் படிச்சதுங்க எல்லாம் சென்னை, ஓசூர், கோயமுத்தூர்னு போயிருச்சுங்க. இது மட்டும் இங்க. தெனம் ராத்திரி அதுங்க போடற படத்த எல்லாம் போன்ல பாத்துக்கிட்டு ஓன்னு அழுவுது சார். ‘நான் அழுகிப்போன தக்காளிம்மா’ன்னு சொல்லுது. எங்கிட்டயே! தக்காளி பிரிக்கிற எங்கிட்டயே! இப்ப பெங்களூர்ல ஒரு கம்பெனியில போன் எடுத்துப் பேசற வேலைன்னு வாங்கி வச்சிருக்குது. படிச்ச படிப்புக்கும் அதுக்கும் சம்மந்தமே இல்ல. ஒண்ணாந்தேதி சேரணுமாம்.”

டம்ளரைத் தரையில் வைத்தார்.

“ஆசப்பட்டுப் போவட்டும் சார், நானே பெட்டியத் தூக்கி பஸ்ஸுல ஏத்தி வுடறன். இது பயந்துக்கிட்டுப் போவுது. நான் சொன்னா கேக்க மாட்டேங்குது. நீங்க சொன்னதுதான் அதுக்குப் பெருசு. வாய் வந்ததும் ஒருவாட்டி வந்து சொல்லிட்டுப் போங்க.”

நான் தலையாட்டினேன். இந்த முறை பெருமையாக அல்ல. முகத்தைத் துடைப்பது போல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கையில் இருந்த காம்புக் கறை கண்ணில் பட்டு எரிந்தது, அது வேறு.

முதல் வார்த்தை யாருக்கு?

வீட்டுக்கு வந்து நடந்ததையெல்லாம் சரோஜாவுக்கு எழுதிக் காட்டினேன். சுருக்கமாகத்தான். ஆச்சரியமாக, கடைசி வரி வரைக்கும் படித்தாள். படித்துவிட்டுச் சிரித்தாள்.

“ஊரயே தாண்டச் சொன்ன ஆளு, எனக்கு மட்டும் அரூரு தூரம்னு சொன்னீங்களே” என்றாள். சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். சரோஜா நர்ஸ் படிப்பு முடித்தவள். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் அரூர்ப் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவளுக்கு வேலைக்கான ஆர்டர் வந்தது. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். “அவ்வளவு தூரம் போய் அலைய வேண்டாம், என் சம்பளம் போதும்” என்றேன் நான். ஆர்டர் வந்த கவரை அவள் எடுத்து வைத்துவிட்டாள். அந்தக் கவர் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் ரொம்ப நாள் இருந்தது. எப்போதாவது அவள் அதைக் கிண்டலாகச் சொல்வாள். நானும் கிண்டலாகவே எடுத்துக்கொண்டு சிரித்துவிடுவேன்.

அன்று சிரிக்க முடியவில்லை. சிரிக்கவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், நல்லதாகப் போயிற்று.

மீதி நாட்களில் எனக்கு இரண்டு பயம். ஒன்று, பதினைந்தாம் நாள் வாயைத் திறந்தால் என்ன வரும் என்பது. இன்னொன்று, நந்தினியிடம் என்ன சொல்வது என்பது. விளக்கம் எழுதி எழுதிப் பார்த்தேன். ‘அன்பு மகளே’ என்று ஆரம்பித்து மூன்று பக்கம் போனது. கிழித்தேன். ‘ஒரு வாக்கியத்தைப் பல கோணங்களில்’ என்று ஆரம்பித்தேன். அதையும் கிழித்தேன். எல்லாமே என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் எழுதியிருந்தேன் என்பது திரும்பப் படித்தால் தெரிந்தது.

சரோஜாவுக்கு வேறு கவலை.

“மொத வார்த்த எனக்குத்தான் சொல்லணும். இத்தன நாளா உங்களுக்கு நானே பேசிக்கிட்டு, நானே பதில் சொல்லிக்கிட்டுக் கெடக்கறன். எழுதிக் குடுங்க.”

‘முதல் வார்த்தை சரோஜாவுக்கு’ என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்தத் தாளைக் கிழித்து அவள் பர்சில் வைத்துக்கொண்டாள்.

மூன்றடி தூரம்

பதினைந்தாம் நாள் காலையில் எழுந்ததும் சரோஜா ஆசையோடு என் முகத்தைப் பார்த்தாள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். நோட்டில் எழுதினேன்: ‘பயமாக இருக்கிறது. முதலில் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு வருகிறேனே.’

அவள் உதட்டைப் பிதுக்கினாள். ஆனால் சேலையை மாற்றிக்கொண்டு கூடவே கிளம்பினாள். சாயங்காலம் டாக்டரிடம் காட்டத் தர்மபுரிக்கும் போக வேண்டியிருந்தது. பாலக்கோடு பஸ் நிலையத்தில் நிழலாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, “போயிட்டு வாங்க” என்றாள்.

பரிசோதனை நிலையம் பக்கத்திலேயேதான். ஸ்பிரிட் வாசனை, சுவரில் ஒரு குழந்தைப் படம், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டில் ஒரு பெண். அம்மாவின் அதே மூக்கு. ஒரு குழந்தையின் கையில் பஞ்சை வைத்து மடக்கி, “முடிஞ்சு போச்சு பாரு, காக்கா கொத்திக்கிட்டுப் போயிருச்சு” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் குழந்தை அழலாமா வேண்டாமா என்று யோசித்து, வேண்டாம் என்று முடிவு செய்தது.

குழந்தை போன பிறகு நிமிர்ந்தாள். “சொல்லுங்க சார், சுகர் டெஸ்ட்டா?” என்றாள். பிறகு அடையாளம் தெரிந்துவிட்டது. சடாரென்று எழுந்து நின்றாள்.

மனப்பாடம் செய்து வைத்திருந்தது எல்லாம் மறந்துவிட்டது. வாயைத் திறந்தேன். பதினாலு நாளுக்குப் பிறகு என் குரல் வந்தது. எனக்கே அது யாருடைய குரல் என்று தெரியவில்லை. அவ்வளவு சின்னதாக, கரகரவென்று இருந்தது.

“சார், கேக்கல. கிட்ட வாங்க” என்றாள் நந்தினி.

தடுப்பைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் போனேன். மூன்றடி இருக்கும். மறுபடியும் சொன்னேன்.

“நான் சொன்னது தப்பும்மா.”

அவளுக்குப் புரிந்துவிட்டது. எந்த வாக்கியம், என்ன தப்பு என்று எதுவும் கேட்கவில்லை. கண் நிறைந்துவிட்டது.

“மூணு வருசமா அதுதான் சார் என் ஸ்டேட்டஸ்” என்றாள். “உங்க பேரும் கீழ போட்டிருப்பேன்.”

“போறதும் இருக்கறதும் உன் இஷ்டம்மா. பெங்களூர் புடிச்சிருந்தா போ. அழுகிருவோம்னு பயந்துக்கிட்டு மட்டும் போவாத. தக்காளியப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. உங்க அம்மாவுக்குத்தான் தெரியும்.”

அவ்வளவு நீளமாகப் பேசியதில் தொண்டை எரிந்தது. அவள் தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, அம்மாவைப் போலவே அவசரமில்லாமல் சொன்னாள்.

“எங்கிட்ட மட்டும் சொன்னாப் பத்தாதுங்க சார். அன்னிக்கி கிரவுண்டு முழுக்க நாங்க இருந்தோம். எல்லாரும்தான் திருப்பிச் சொன்னோம்.”

“என் குரல் இனிமே அவ்ளோ தூரம் போவாதும்மா.”

“அப்ப ஒவ்வொரு கிளாஸாப் போங்க சார்” என்றாள், மாத்திரை எப்போது சாப்பிட வேண்டும் என்று சொல்கிற குரலில்.

போனேன். அந்த மைதானத்தில் இருந்த பிள்ளைகள் எல்லாம் எப்போதோ போய்விட்டார்கள். இருந்தாலும் அதே பள்ளி. தலைமையாசிரியையிடம் கேட்டு, வாரத்துக்கு இரண்டு வகுப்பு. மேடை கிடையாது, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் சொன்ன தப்பை முதலில் சொல்லிவிடுவேன். பிள்ளைகள் பெஞ்சை நகர்த்திக்கொண்டு கிட்டே வருவார்கள். அப்புறம் அவர்கள்தான் பேசுவார்கள். இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளையின் பெயர்கூடத் தெரியாமல் பேசிவிட்டு வந்தவனுக்கு, இப்போது பெயர்கள் தெரியும். வாசகர் கேட்டாரே, எனக்குத் தன்னம்பிக்கை யார் கொடுத்தார்கள் என்று. இவர்கள்தான்.

நந்தினி போனாளா என்று கேட்பீர்கள். அந்த ஒன்றாம் தேதி போகவில்லை. “எனக்குப் போவணும்னு தோணுனா போவேன் சார். அப்ப நீங்க பஸ் ஸ்டாண்டுக்கு வந்து டாட்டா காட்டணும்” என்று நிபந்தனை போட்டிருக்கிறாள். ஸ்டேட்டஸில் இப்போது ஒரு நாய்க்குட்டிப் படம் இருக்கிறது.

பஸ் நிலையத்தில்

அந்தக் காலைக்கே திரும்புகிறேன். பரிசோதனை நிலையத்திலிருந்து பஸ் நிலையத்துக்கு வந்தேன். சரோஜா அதே பெஞ்சில் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் எனக்கு இடம் பிடித்து ஒரு கைக்குட்டை போட்டிருந்தாள்.

“பேசிட்டீங்களா? குரல் வந்துச்சா?”

தலையாட்டினேன்.

பர்சைத் திறந்து அந்தத் தாளை எடுத்து என் முன்னால் ஆட்டினாள். “இது என்னாச்சு? சரி, மொத வார்த்தையா அந்தப் புள்ளகிட்ட என்னதான் சொன்னீங்க?”

“நான் சொன்னது தப்பும்மான்னு சொன்னேன்.”

பென்னாகரம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே வளைந்தது. அது போகும்வரை சரோஜா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முப்பத்தோரு வருசம் குடும்பம் பண்ணியிருக்கறன்” என்றாள். “இந்த வார்த்த இந்த வாயில இருந்து வந்து நான் கேட்டதே இல்லீங்களே.”

கிண்டலாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது அவள் குரலும் என் குரல் அளவுக்குச் சின்னதாகிவிட்டது. தாளை மடித்துத் திரும்பப் பர்சில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள். எங்கள் பஸ் இன்னும் வரவில்லை. எதிரே பலகைகளில் ஊர்ப் பெயர்கள் வரிசையாக இருந்தன. தர்மபுரி, ஓசூர், அரூர்.

நான் நகர்ந்து அவள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தேன்.

“அரூர் ஒண்ணும் தூரமில்ல சரோஜா. நீ போயிருக்கணும். நான் சொன்னது தப்பு.”

அவள் சேலைத் தலைப்பால் முகத்தை ஒருமுறை துடைத்தாள். பையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றி வைத்தாள். அப்புறம், எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கையகலம்கூட இடைவெளி இல்லாதபோது, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“கேக்கல. இன்னொருவாட்டி சொல்லுங்க.”

நன்றாகவே கேட்டிருந்தது. இன்னொருமுறை சொன்னேன்.